திங்கட்கிழமைப் பெட்டிகள்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே அக்கா மூன்றாவது தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். இரண்டு ஆள் உயர எஃகுத் தொட்டி. முந்தின நாள் வடித்த கிருமிக் குழம்பின் புளித்த வாடை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. காரத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்கத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

குடலில் வாழும் நல்ல கிருமிகளை வளர்த்து, உலர்த்தி, கேப்ஸ்யூலில் அடைக்கும் ஆலை அது. சர்க்கரை நோயை அவை தணிக்குமா என்று பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. தொழிலாளிகளிலேயே சர்க்கரைக்காரர்கள் பதினாலு பேர் சம்மதித்துச் சேர்ந்திருந்தார்கள். பத்து வருடமாகச் சர்க்கரையோடு மல்லுக்கட்டும் அக்காவும் அதில் ஒருத்தி. தினம் ஒரு கேப்ஸ்யூல். திங்கட்கிழமைதோறும் சிறு பெட்டியில் மலத்தைக் கொண்டுவந்து ஆய்வுக்கூடப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். முதலில் கூசியது, பிறகு பழகிவிட்டது.

"நம்ம சரக்குக்கும் ஒரு மரியாதை வந்துடுச்சேக்கா!" என்பான் ஒல்லி. நீராவிக் குழாய் பார்ப்பவன், அவனும் சர்க்கரைக்காரன்தான்.

போன மாதம் உற்பத்தியைக் கூட்ட வேண்டுமென்று பத்து மணிச் சாப்பாட்டு இடைவேளையை மேலாளர் நிறுத்தினார். இன்சுலின் ஊசி போட்டவர்கள் வெறும் வயிற்றோடு நிற்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. வியாழக்கிழமை ஒல்லி சர்க்கரை சட்டென்று இறங்கி, வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, கொதிக்கும் குழாய்மேல் சாய்ந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வெந்து உரிந்துவிட்டது. அக்காதான் அவனை இழுத்துப் போட்டுச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள்.

மறுநாள் மேலாளர் ஒரு காகிதத்தை நீட்டினார். 'தன் கவனக்குறைவால் விழுந்தான்' என்று எழுதியிருந்தது. சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். அக்கா போடவில்லை. வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

"வேலை போயிட்டா?" என்றார் கணவர்.

"அந்தப் பயம் இருக்கறதாலதான் நடந்துகிட்டே இருக்கேன்" என்றவள், தொலைபேசியை எடுத்துப் பரிசோதனையில் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை ஆய்வுக்கூட வாசலில் ஒல்லி நீங்கலாகப் பதிமூன்று பேர் நின்றார்கள். பதிமூன்று பெட்டிகளும் காலி.

"என்ன விளையாட்டு இது?" மேலாளர் கத்தினார். "கழிவை வச்சா பேரம் பேசறீங்க?"

"கழிவுன்னா எதுக்கு சார் உறைபெட்டியில வச்சுப் பூட்டறீங்க?" என்றாள் அக்கா.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளரின் முகம் கறுத்தது.

"தொட்டிக் கிருமிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா தீனி. அஞ்சு நிமிஷம் தவறினா மணி அடிக்குது, நீங்க அலறியடிச்சு ஓடி வர்றீங்க. ஒல்லி விழுந்தப்ப எந்த மணி சார் அடிச்சுது?"

"பரிசோதனை நின்னா நஷ்டம் உங்களுக்குத்தான். இது உங்க நோய்க்கான மருந்து."

அது அவளைத் தைத்தது. இரண்டு மாதமாகக் காலைச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. கேப்ஸ்யூலாலா, வேறெதனாலா, யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சின்ன ஆசையை விட அவளுக்கு மனமில்லை.

"மருந்து வேணும் சார். அதைச் செய்யறவனும் உசுரோட இருக்கணும். இடைவேளையைத் திருப்பிக் கொடுங்க. ஒல்லியோட வைத்தியத்தை ஆலை ஏத்துக்கணும். எங்க உடம்புல என்ன கண்டீங்கன்னு எங்களுக்குச் சொல்லணும்."

"மேலிடத்தைக் கேக்கணும்."

"கேளுங்க. நாங்க இங்கதான் இருக்கோம்."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மேலாளர் ஆய்வுக்கூடப் பெண்ணைப் பார்த்து, "நீ உள்ள போய் உன் வேலையைப் பாரு" என்றார்.

அவள் கையுறைகளை மெல்லக் கழற்றினாள். "எனக்கும் பத்து மணிக்குப் பசிக்கும் சார்."

மாடியில் கேப்ஸ்யூல் அடைக்கும் பிரிவில் இயந்திரம் ஒன்று ஓய்ந்தது, அடுத்து இன்னொன்று. படிகளில் காலடிகள் இறங்கி வந்தன. அக்கா சுவரோரம் நகர்ந்து இடம் விட்டாள்.