ஊசி நடுவுக்கு வரும்வரை

கெல்வின் காரில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. பின்னிருக்கையின் நடுவில் உட்கார்ந்து, தலையை முன்னால் நீட்டி, எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பான். அது அடியிலிருந்து எழுந்து நடுக்கோட்டைத் தொட்டதும் "போ" என்பான். இருபத்தாறு வயதில் அவன் தெளிவாகப் பேசும் ஐந்தாறு சொற்களில் அதுவும் ஒன்று. அதற்கு முன் சக்கரம் நகர்ந்தால் கதவைத் திறந்து குதித்துவிடுவான். செத்துப்போன அப்பா பழக்கிவிட்ட பழக்கம். எஞ்சின் சூடேறாமல் காரை எடுக்கவே மாட்டார் அந்த மனிதர்.

வேறு வண்டியிலும் ஏறமாட்டான். போன வருடம் வாடகைக் காரில் ஏற்றப்போய், ஓட்டுநரின் கையைக் கடித்து, கண்ணாடியையும் உடைத்துவிட்டான். ஆம்புலன்ஸ் வந்தபோது கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான்.

சீனப் புத்தாண்டுப் பெருநாளின் இரண்டாம் நாள் அந்த ஊசி அடியில் படுத்தது. எழவே இல்லை.

அவன் கடைவாய்ப் பல் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கிக் கிடந்தது. முழுசாய் மயக்கினால்தான் பிடுங்க முடியும். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் தீபாவளிக்கு முன்பே வாங்கி வைத்த தேதி, பெருநாள் விடுமுறை முடிந்த மறுநாள் காலை. தவறினால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். அதுவரை அவன் தாடை தாங்காது. வலி ஏறும்போதெல்லாம் தாடையிலேயே குத்திக்கொண்டான். அக்கா விவியன் அவன் கையில் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தாள். துண்டோடு குத்திக்கொண்டான்.

கார் பழுதுபார்க்கும் பொமன்களில் தெரிந்தவர் சிவநேசன் ஒருவர்தான். விவியன் அவருக்கு போன் போட்டாள்.

"சூடு காட்டுற சென்சர் போச்சும்மா. சின்னச் சாமான்தான், நீயே மாத்திரலாம். ஆனா சாமானுக்கு எங்க போவ? சீனன் கடையெல்லாம் எட்டாம் நாளுதான் தொறப்பான். நானே செமினி ஊருல மாமியா வீட்டுல உக்காந்து மெல்லுறேன்."

"நாளைக்குக் காலையில வேணும்ணே."

"இதே காரு மாதிரி பழைய காடி எதுலயாச்சும் கழட்டிப் போடு. சூட்டோட மட்டும் ரேடியேட்டர் மூடியத் தொறந்துறாத, மூஞ்சி வெந்துரும்."

எதிர்வீட்டுப் பழனியப்பனின் வாசலில் இவர்களுடையது போலவே அதே கார், அதே நீலம், தார்ப்பாய்க்குள் பல வருடமாய் நின்றது. அவர் பனியனோடு வெளியே வந்தார்.

"என்ன விவி, எங்கிட்ட காடி வெலைக்குக் கேக்க வந்தியா?"

"சென்சர் ஒண்ணு மட்டும் வேணும் அங்கிள். தம்பிக்கு."

"ஐயோ, அத ஏன் கேட்டுக்கிட்டு நிக்கிற? கழட்டிக்க. ஒரே காடிதான், அண்ணந்தம்பி மாதிரி. இது சுடவும் சுடாது, ஓடவும் ஓடாது. நல்ல புள்ள!"

துருப்பிடித்த சென்சர் அசைய மறுத்தது. விவியன் ஸ்பேனரின் மேல் கட்டையால் தட்டித் தட்டி ஒருவழியாய்க் கழற்றினாள். விரலளவு பித்தளைத் துண்டு. அதைக் கழுவி, துடைத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தன் காரின் ரப்பர் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு. உள்ளே கெல்வின் சுவரில் தலையை முட்டும் சத்தம், அம்மா கெர்ட்ரூட் "மாதாவே, மாதாவே" என்று முனகும் சத்தம். கை தாங்கும் அளவுக்குச் சூடு இறங்கும்வரை அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து உள்ளே போகப் பயமாயிருந்தது.

பிறகு துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பழுதான சென்சரைத் திருகினாள். அது கையோடு வந்ததும் பழுப்புத் தண்ணீர் பீறிட்டது. ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து, மறுகையால் பழனியப்பனுடையதைச் செருகி, விரலால் முடிந்தவரை முறுக்கி, கடைசியில் ஸ்பேனரால் இறுக்கினாள். குறைந்த தண்ணீரை ஊற்றினாள். மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை மேலும் ஊற்றினாள்.

ஊசி அசைந்தது. அடியிலிருந்து ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை.

"விவி! இங்க வா! என்னால புடிக்க முடியல!" உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்.

ஊசி எழுந்துவிட்டதே, அது போதும் என்று சாவியைத் திருப்பி அணைத்து, ரேடியேட்டர் மூடியை மூடிவிட்டு உள்ளே ஓடினாள்.

மறுநாள் விடியுமுன்பே கெல்வினைப் பின்னிருக்கையில் உட்காரவைத்தார்கள். மயக்க மருந்துக்காக வெறும் வயிறு. கன்னம் பளபளத்தது. விவியன் எஞ்சினை முடுக்கினாள். ஊசி எழுந்தது. கால் பங்கு உயர்ந்ததும் நின்றது.

காத்திருந்தார்கள். வெளிச்சம் வந்தது. ஊசி நின்ற இடத்திலேயே நின்றது. பானட்டைத் தொட்டால் கை சுட்டது.

சிவநேசன் போனில் தூக்கக் கலக்கத்தோடு பேசினார். "எதுலேருந்து கழட்டுன?"

"பழனியப்பன் அங்கிள் காடியிலேருந்து. ஒரே காடிதாண்ணே."

"மேல்கூடுதாம்மா ஒண்ணு. உள்ள இருக்கிற எஞ்சின் வேற. அந்த சென்சர் கம்மியாத்தான் காட்டும். காடிக்கு ஒண்ணும் ஆவாது, நீ பாட்டுக்கு ஓட்டு."

நீ பாட்டுக்கு ஓட்டு. அவள் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியில் தம்பியைப் பார்த்தாள். அவன் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெல்வின், போலாமாடா? காடி சூடாயிருச்சுடா."

அவன் கை கதவுப் பிடிக்குப் போனது.

"காலுல வேணாலும் விழுறேண்டா, அம்மாவப் பாருடா," என்றாள் கெர்ட்ரூட். அவன் பார்க்கவில்லை. துண்டு சுற்றிய கை எழுந்து தாடையில் இறங்கியது. மறுபடி இறங்கியது. உதட்டோரம் இரத்தம் கசிந்தது.

விவியன் இறங்கினாள். வாசலில் கிடந்த மாண்டரின் ஆரஞ்சுப் பெட்டியைக் கிழித்து, அந்த அட்டையைக் காற்று புகாதபடி ரேடியேட்டருக்கு முன்னால் செருகினாள். எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றாடியின் ஒயரைப் பிடுங்கினாள். மீண்டும் ஏறி, நின்ற நிலையிலேயே எஞ்சினை உறுமவிட்டாள்.

பழனியப்பன் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏ விவி! பைத்தியமா நீ? எஞ்சின் வெந்துரும்! அப்பா காடிம்மா!"

"வேகட்டும் அங்கிள்."

"சொன்னா கேளு லா! ஒரே தடவதான், அப்புறம் இரும்புக் கடைக்குத்தான் போவும்!"

"ஒரு தடவ போதும். வாசக் கேட்டத் தொறந்து விடுங்க."

ஊசி நகர்ந்தது. கருகிய ரப்பர் நெடி உள்ளே வந்தது. கெர்ட்ரூட் கண்ணை மூடிக்கொண்டாள். பெரியவர் ஏதோ திட்டியபடியே கேட்டைத் தள்ளினார். ஊசி நடுக்கோட்டைத் தொட்டது.

"போ," என்றான் கெல்வின்.

அட்டையை எடுத்தால் ஊசி இறங்கிவிடும், அவன் பார்த்துக்கொண்டேயிருக்கிறான். அதனால் அப்படியே ஓட்டினாள். வழியிலிருந்த பாலத்தின் மேல் எஞ்சின் தட்டத் தொடங்கியது. பானட்டின் ஓரத்தில் ஆவி கிளம்பியது. பக்கத்து லோரிக்காரன் கையை ஆட்டிக் கத்தினான். அவள் திரும்பவில்லை. சிவப்பு விளக்கு ஒன்றையும் தாண்டினாள். ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்ததும் உள்ளே ஏதோ முறிந்தது போலச் சத்தம். கார் உருண்டுபோய்த் தானே நின்றது. வெள்ளை ஆவி கண்ணாடியை மூடியது.

கெல்வின் தானாகவே கதவைத் திறந்து இறங்கினான். விவியன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். சாவியைக் காவலாளியின் கையில் திணித்துவிட்டு மூவரும் பல் பிரிவுக்கு ஓடினார்கள்.

பதிவை மூடவில்லை.

சீழ் பரவிய பக்கத்துப் பற்களையும் சேர்த்து மூன்றை எடுத்ததாக டாக்டர் வந்து சொன்னார். கெல்வின் வார்டில் தூங்கிக்கொண்டிருந்தான். தாதி துண்டை அவிழ்த்திருந்தாள். அவன் கை விரிந்து போர்வைமேல் கிடந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பின் அந்த முகத்தில் எதுவும் இல்லை, தூக்கத்தைத் தவிர.

கெர்ட்ரூட் அவன் பாதத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "முழிச்சதும் எதுலடி கூட்டிட்டுப் போறது?"

கீழே இழுவை லோரி ஒன்று நீலக் காரின் மூக்கில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தது. அவன் படுக்கையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். விவியன் எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"தெரியலம்மா," என்றாள். "தூங்கட்டும். சத்தம் போடாத."