கேஸ் வண்டிக்கு நான் போட்ட மெட்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நிபால் மிஸ் என் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து வந்தது. பத்தாம் வகுப்பில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை ஆறு மாதம் செய்துவிட்டு, கடைசியில் ‘நான் கற்றது என்ன’ என்று எழுத வேண்டும். நான் எழுதியதன் ஓரத்தில் மிஸ் பச்சை மையில், “ரஹஃப், இதுல நீ எங்க இருக்க?” என்று கேட்டிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. வகுப்பு முழுக்க ஒரே பாடத்தைத்தான் கற்றிருந்தோம். கேக் செய்தவள் நேரத்தின் அருமையைக் கற்றாள். ஆமை வளர்த்தவனும் நேரத்தின் அருமையைக் கற்றான். ஆமையிடமிருந்து!

ஆகவே கதையாக எழுதிப் பார்க்கிறேன். நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: “ஜனவரிக் குளிர் அம்மான் நகரத்துக் குன்றுகளையெல்லாம் போர்த்தியிருந்த அந்த ரம்மியமான காலைப் பொழுதில்—”

சீ. சுற்றுலாத் துறைக்காரி எழுதியது போல இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: “இசைதான் என் உயிர்.” பொய். எரிச்சல்தான் என் உயிர். எங்கள் ஊரில் சிலிண்டர் விற்கும் கேஸ் வண்டி ஒலிபெருக்கியில் ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டுதான் தெருவுக்குள் வரும். பிறந்ததிலிருந்து அதே மெட்டைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. அதற்குப் பதிலாகப் புது மெட்டுப் போடுவதுதான் என் ஆறு மாத வேலை. ஊத் வாத்தியத்தில் நானே வாசித்துப் பதிவு செய்தேன். அருமையாக இருந்தது. (அடக்கத்தை அடுத்த அறிக்கையில் காட்டிக்கொள்கிறேன்.)

3

இனி அபூ சனத். எங்கள் தெருவுக்குப் பதினைந்து வருடமாக சிலிண்டர் கொண்டுவருகிறவர். என் மெட்டைக் கேட்டுவிட்டு, “ஒரு வாரம் போடறேன், மகளே. சொன்னா சொன்னதுதான்,” என்றார்.

இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கதைக்காக ஒரு குறையாவது வைக்க வேண்டும். சரி, சிலிண்டரில் சாய்ந்துகொண்டே சிகரெட் பிடிப்பார்.*

* இது நான் சேர்த்தது இல்லை. நிஜமாகவே பிடிப்பார்.

4

முதல் நாள் என் மெட்டு தெருவுக்குள் நுழைந்ததும் சின்னப் பிள்ளைகள் மட்டும் ஓடி வந்தார்கள். பஞ்சுமிட்டாய் கேட்டார்கள். குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் பெரியவர்களுக்குப் பழைய மெட்டு கேட்டால்தான் கேஸ் வந்ததாக அர்த்தம். பதினாறு வருடம் இதே தெருவில் இருந்தும் இது என் மண்டையில் ஏறவில்லை.

இரண்டாம் நாள் எதிர்வீட்டு உம் யஸானுக்கு மக்லூபாச் சோறு பாதி வெந்திருக்கும்போது கேஸ் தீர்ந்தது. கரண்டியோடு பால்கனிக்கு வந்துவிட்டார்.

“உம் ரஹஃப்! அந்த அபூ சனத் இருக்கானா, போய்ச் சேந்துட்டானா?”

“இப்பத்தானே இப்படிப் போனாரு!” என்றார் என் அம்மா. (ரஹஃபின் அம்மா என்பதால் தெருவுக்கு அவர் உம் ரஹஃப்.)

“அது அவனா? நான் யார் வீட்டுக் கல்யாண ஊர்வலமோன்னுல்ல நெனச்சேன்! எனக்கு ஏன் சொல்லி அனுப்பலன்னு கோவமா வேற இருந்துச்சு!”

மூன்றாம் நாள் வேறொரு வண்டி பழைய மெட்டோடு வந்தது. தெருவே அதை மொய்த்தது.

5

[முதல் அறிக்கையில் நான் எழுதாமல் விட்டது இந்தப் பகுதியைத்தான்.]

இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. “மாமா, நிறுத்திடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அறிக்கையில் ஏழு நாள் அட்டவணை ஒன்று இருந்தது, ஏழு கட்டமும் நிரம்ப வேண்டும். நோட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினேன். நாலாம் நாள்: யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள்: யாரும் வரவில்லை. ஏழாம் நாளும் அவர் ஏற்றி வந்த சிலிண்டர்களை அப்படியே திருப்பி எடுத்துப் போனார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘மாற்றத்தை ஏற்கச் சமூகத்துக்குக் காலம் தேவை என்று கற்றேன்.’ நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

6

முடிவு அ: எட்டாம் நாள் தெரு முழுவதும் என் மெட்டை முணுமுணுக்கிறது. (என் அம்மாகூட முணுமுணுக்கவில்லை.)

முடிவு ஆ: கொட்டும் மழையில் நான் அபூ சனத்தின் வண்டி முன்னால் மயங்கி— (நான் எதற்கு மயங்க வேண்டும்? அடித்துவிடுகிறேன்.)

முடிவு இ, இன்று மத்தியானம் நடந்தது. அபூ சனத் ரொட்டிக் கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு எள் தூவிய கஅக் தின்றுகொண்டிருந்தார்.

“மாமா, யாரும் வரமாட்டாங்கன்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். அட்டவணைக்காக வாயை மூடிட்டு இருந்துட்டேன்.”

நிதானமாக மென்று முடித்தார். “நீ ஜன்னல்ல உக்காந்து எழுதிட்டிருந்தத நான் பாக்கலன்னா நெனச்ச? எனக்கு முடிதான் கொட்டிருக்கு, கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் மாமா நிறுத்தல?”

“வாக்குக் குடுத்தவன் நான். வேணாம்னு சொல்ல வேண்டியவ நீ. தெனமும் உங்க ஜன்னல்கிட்ட வந்ததும் வேகத்தக் கொறைப்பேன், இன்னிக்காவது சொல்லுவாளான்னு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய்ப் பாதிக் கஅக்கைப் பிய்த்து நீட்டினார்.

“அட, அழுவறத அப்புறம் வெச்சுக்க. தெரு கைவிட்டுப் போயிடுச்சு. நீ முன்னால நட, ஒவ்வொரு கதவா தட்டு. நான் பின்னால வரேன்.”

7

‘நான் கற்றது என்ன’ என்பதற்கு அறிக்கையில் ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறார்கள். ‘இரண்டாம் நாளே சொல்லியிருக்க வேண்டும்’ என்று எழுதினேன். ஒரு வரிகூட நிரம்பவில்லை. பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும்.

முதல் கதவு உம் யஸானுடையது. தட்டினேன்.

“யாரு?”

“ரஹஃப், மாமி. அந்தக் கல்யாண மெட்டு நான் போட்டது. ஆகாதுன்னு தெரிஞ்சும் ஏழு நாள் ஓடவிட்டவ நான்தான். அபூ சனத் மாமா மேல ஒரு தப்பும் இல்ல. திரும்ப அவர்கிட்டயே வாங்குவீங்களா?”

கதவு திறந்தது. அவர் என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தார். அபூ சனத் எங்களைப் பார்க்காதது போல வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உம் யஸான் சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நிபால் மிஸ், வாசகரே, யாராக இருந்தாலும் சரி, அந்தக் கதவைத் திறந்தது நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள், இன்னும் முப்பத்தொரு கதவு தட்ட வேண்டும்.