நாலு பேரும் நனையாமல்

"நாம டிவிய அணைச்சிட்டா, அவிய நாலு பேரும் மழையிலயே நிப்பாவளாக்கா?"

பூரணி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. திரையில் மழை. சாம்பலும் நீலமும் கலந்த மழை. அதன் நடுவே, கட்டைவிரல் உயரத்தில் நாலு பேர். ஒருத்தியின் கையில் மட்டும் விளக்கு.

தென்காசி வீட்டுக்கு வெளியேயும் சாரல். உள்ளே மழை, வெளியே மழை. நடுவில் ஒரே போர்வைக்குள் அக்காவும் தங்கையும்.

வைதேகி சிரிக்கவில்லை. அணைக்கப் போன கையை எடுத்து, ஜாய்ஸ்டிக்கை மறுபடியும் பிடித்தாள். நாலு பேரையும் திருப்பினாள். காட்டைத் தாண்டி, மரப்பாலத்தைத் தாண்டி, வந்த வழியெல்லாம் நடத்திக்கொண்டு போய்ச் சத்திரத்துக்குள் விட்டாள்.

அவர்கள் படுத்தார்கள். சத்திரத்துச் சன்னலில் விளக்கு எரிந்தது.

"இப்பம் சரியாட்டி?"

பூரணி தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் வைதேகி அணைத்தாள்.

அப்படித் திரும்பி நடக்க வேண்டிய அவசியமே இல்லை. நின்ற இடத்திலேயே சேவ் செய்துவிட்டு எழுந்து போகலாம். ஆனாலும் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் திரும்பி நடந்தாள். எவ்வளவு தூரம் போயிருந்தாலும். சின்னவள் பாதித் தூக்கத்தில் இருந்தாலும்.

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும். "சோறு ஆறிப்போச்சு, வாறியளா இல்லையா?"

"இந்தா வந்துட்டோம்மா. இவியள மட்டும் படுக்க வச்சிட்டு வாறோம்."

"ஆமா, பெத்தவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து தர ஆளில்ல. பொம்மைக்குப் பாய் விரிக்காளுவ."

கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த வீடியோ விளையாட்டு அது. ஜப்பான்காரர்கள் செய்தது. அட்டையில் ஜப்பான் எழுத்து, உள்ளே பேச்செல்லாம் ஆங்கிலம். மழை ஓயாத ஒரு நாடு. ஒரு விளக்கை அணையாமல் எடுத்துப்போய் மலை உச்சியில் வைத்தால் மழை ஓயும். அவ்வளவுதான் கதை. ஆனால் நடக்க நடக்க நீண்டுகொண்டே போகிற கதை.

திரையில் எழுத்து வரும். வைதேகி அதைத் தமிழில் சொல்வாள். கிழட்டுப் படைவீரனுக்குச் செங்கோட்டை பஸ் கண்டக்டரின் குரல். சத்திரக்காரிக்கு மாவு மில் அக்காவின் குரல். மழைநாட்டில் எல்லோரும் தென்காசித் தமிழ்தான் பேசினார்கள்.

பெயர் வைக்கச் சொல்லி விளையாட்டு கேட்டது. வைத்தார்கள். வாள் பிடித்தவள் வைதேகி. விளக்கு ஏந்தியவள் பூரணி. படைவீரன் கண்டக்டர். நாலாவது ஆள் குண்டு. முதுகில் சுமையோடு எல்லோருக்கும் பின்னால் வருவான். அவன் பெயர் மூட்டை.

மலைவாசல் வரைக்கும் போனார்கள். அதற்கு மேலே போகப் பூரணி விடவில்லை. முடித்தால் முடிந்துவிடுமே. வாசலுக்கு முன்னால் இருந்த சத்திரத்திலேயே நாலு பேரும் வருடக்கணக்கில் தூங்கினார்கள்.

பிறகு வைதேகிக்குக் கல்யாணம் ஆனது. தூத்துக்குடிக்குக் கிளம்பும்போது சொன்னாள். "வெளையாட்டுப் பெட்டிய நீயே வச்சுக்க. முடிச்சிரு பிள்ள. பாவம், எத்தன காலந்தான் வாசல்லயே கெடப்பாவ."

ஆனி மாதச் சாரலில் பூரணி முடித்தாள். தனியாக.

விளக்கு உச்சிக்குப் போனது. மழை நின்றது. அந்த நாட்டில் முதல்முறையாக மழைச் சத்தம் இல்லாத ஓர் அமைதி. பிறகு உச்சியிலிருந்து கீழே நாடு முழுவதும் தெரிந்தது. இருட்டில் ஒவ்வொரு சன்னலாக விளக்கு ஏறியது. நாலு பேரும் கூரைக்குக் கீழே தூங்கிய இரவு ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு.

அவசரமாக ஓடி முடித்தவர்களுக்கு அங்கே ஒன்றிரண்டு எரிந்திருக்கும். இவர்களுக்கு நாடே கார்த்திகை கொண்டாடியது.

பூரணி அழுதாள். அழுதுகொண்டே பக்கத்தில் திரும்பினாள். போர்வை மட்டும் இருந்தது. அழுகை ஓயாமலே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, முடிச்சிட்டேன். நீ பாக்கணும்க்கா. இத பாக்காம இருக்கவே கூடாது."

"சொல்லிராத, சொல்லிராத! பெட்டியத் தூக்கிட்டு வா."

கல்லூரி விடுமுறையில் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஒரு போர்வை. இரண்டு பேர். கீழே அத்தனை விளக்குகள்.

தூத்துக்குடியில் வெயில். சுவரெல்லாம் உப்புப் பூத்த வெயில். அத்தான் முகுந்தனுக்கு ஊருக்கு வெளியே சின்னதாக ஓர் உப்பளம். வெயிலில் வேலை பார்த்துக் கறுத்த மனிதர். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது.

"இதானா அது? கல்யாணத்துக்கு முன்ன உங்க அக்கா போன்ல பேசுனதெல்லாம் இதப் பத்தித்தான். நா கூட யாரோ சொந்தக்காரவனு நெனச்சேன்."

"அத்தான் மொதல்லேருந்து பாக்கட்டும்ட்டி," என்றாள் வைதேகி. "கடைசிய மட்டும் காட்டுனா என்ன வெளங்கும்? எல்லாருமா சேந்து முடிப்போம்."

எல்லாருமா. பூரணி அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். கரித்தது.

முகுந்தன் தரையில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். வைதேகி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூரணிக்கு நாற்காலி. நாற்காலியிலிருந்து பார்த்தால் முதலில் இரண்டு தலைகள் தெரியும். அப்புறம்தான் மழை.

"பேரு கேக்கு. விளக்குப் பிள்ளைக்கு என்ன பேரு?"

"பூரணி."

"அப்பம் அது அப்படியே இருக்கட்டும். எல்லாமே பழைய பேரே இருக்கட்டும். மூட்டை நானு."

நல்லவர்மேல் பொறாமைப்படுவது கடினம். பிடித்துக்கொள்ள ஒரு குறையும் கிடைக்காது. அதனாலேயே அவள் இன்னும் கூடுதலாகப் பொறாமைப்பட்டாள்.

வைதேகி கண்டக்டர் குரலில் பேசினாள். அதே குரல். "ஏறு ஏறு, உள்ள போ, படியில நிக்காத!" முகுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். பூரணி எந்த இடத்தில் சிரிப்பாளோ அந்த இடத்தில். யாரோ அவள் தட்டில் கை வைத்துச் சாப்பிடுவதுபோல் இருந்தது.

அவர் தோற்கும்போது அவளுக்கு இனித்தது. வழி தவறும்போது இனித்தது. வழி தெரிந்தும் சொல்லாமல் இருந்தாள்.

அவர் நின்ற இடத்தில் சேவ் செய்தார். மழையிலேயே அணைத்தார். அணைக்கும்போது ஒருமுறை வைதேகி திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். சத்திரத்தைப் பற்றி அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் தங்கைக்கென்று வைத்திருந்தாள்போல. பூரணிக்கு அது புரிந்தது. புரிந்தும் போதவில்லை.

பாதிக் கதை போயிருக்கும். முகுந்தன் நாற்காலி பக்கம் திரும்பினார். "முடிச்சவ நீதான். சொல்லு பூரணி, இன்னும் போவப் போவ நல்லாருக்குமா?"

நாடெல்லாம் விளக்கு எரிந்தது அவள் கண்ணுக்குள். அத்தனையும் அவளுடையது.

"சுமார்தான் அத்தான். கடைசியில பெருசா ஒண்ணுமில்ல. இத்தோட விட்டாலும் நட்டமில்ல."

எவ்வளவு எளிதாக வந்தது. முகுந்தன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ சொன்னா சரிதான்," என்றார். ஜாய்ஸ்டிக்கின் வயரைச் சுருட்டி, பெட்டியின் மேல் பதவிசாக வைத்தார்.

மறுநாள் டிவி இருட்டாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும். வைதேகி துணி மடித்தாள். கண்டக்டர் இல்லை. மாவு மில் அக்கா இல்லை. மழை இல்லை. பூரணி கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்தது வெறும் அமைதி.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார்கள். பூரணி கண்ணை மூடினாள். கேட்க ஒன்றும் வரவில்லை. பொய் சொன்ன வாய் அங்கே போய்த் திறக்க மறுத்தது.

கண்ணைத் திறந்து நேரே முகுந்தனிடம் போனாள்.

"அத்தான், நா சொன்னது பொய். கடைசி நல்லாருக்கும். அப்படி ஒண்ண நீங்க பாத்திருக்கவே மாட்டிய. விட்டுராதிய."

அவர் சிரித்தார். "தெரியும்லா. நல்லா இல்லாததுக்கா ஒருத்தி மூக்கு வீங்க அழுதா? அக்கா எல்லாம் சொல்லிட்டா."

"அப்பொறம் ஏன் நிப்பாட்டுனிய?"

"நல்லா இல்லனு நீ சொன்ன மாதிரி இல்ல. வேண்டாம்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு உப்பளத்து மோட்டாருக்கு எண்ணெய் வாங்கப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. மறுநாள் மத்தியானம் மறுபடியும் இரண்டு தலைகள், மறுபடியும் கண்டக்டர், மறுபடியும் சிரிப்பு. முன்னைவிடக் கூடுதல் சிரிப்பு. அவளே சொல்லி, அவளே கொடுத்த சிரிப்பு. ஒன்றை நல்லது என்று இன்னொருவருக்குச் சொல்வது எளிதில்லை. அதில் பாதியை அந்த நிமிடமே கொடுத்துவிடுகிறோம்.

அன்றைக்கு முகுந்தன் சதுப்பு நிலத்துப் பாம்பை வென்றார். பலமுறை தோற்று, கை வியர்த்து, கடைசியில் வென்றார். வைதேகி கை தட்டினாள். மூட்டை மழையில் நின்று குதித்தான்.

அப்போது வெளியே இருட்டியது. தூத்துக்குடியில், எதிர்பாராமல், ஓர் இடி.

"அய்யய்யோ, நேத்து வாரிக் குவிச்ச உப்பு தொறந்து கெடக்கு!" முகுந்தன் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். "வைதேகி, தார்ப்பாய எடு! இருக்க ஆளு பத்தாது, நீயும் வா!"

"அத்தான், இத இன்னும் சேவ் பண்ணல..."

"போனா போவுது பிள்ள! உப்பு கரைஞ்சிரும்! இடி விழுது, டிவிய அணைச்சிரு!"

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. வீட்டில் யாரும் இல்லை. வெளியே மழை, உள்ளே மழை. நடுவில் அவள்.

சுவிட்சில் விரலை வைத்தாள். அணைத்தால் பாம்பு மறுபடியும் உயிரோடு வரும். அவர் தொடக்கத்திலிருந்து தோற்க வேண்டும். அணைக்கச் சொன்னது அவர்தான். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். தப்பே இல்லாத ஒரு தப்பு. விரல் அங்கேயே இருந்தது.

திரையில் நாலு பேர் நின்றார்கள். விளக்குக்காரியை ஒட்டி இரண்டு பேர். மூட்டை மட்டும் கொஞ்சம் பின்னால், வெளிச்சத்துக்கு வெளியே. மழை அவன் முதுகுச் சுமையில் விழுந்து தெறித்தது. யாராவது கூப்பிடுவார்கள் என்று நிற்பதுபோல் நின்றான்.

மழையிலயே நிப்பாவளாக்கா?

யாரோ கேட்டது போலிருந்தது. ஏழு வயதுக் குரல்.

விரலை எடுத்தாள். நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஜாய்ஸ்டிக்கில் அத்தான் கையின் சூடு இன்னும் இருந்தது. சேவ் செய்தாள். அதோடு எழுந்திருக்கலாம். அவர் வெற்றி அவருக்குப் பத்திரம்.

எழுந்திருக்கவில்லை. நாலு பேரையும் திருப்பினாள்.

சதுப்பு நிலத்தின் ஓரமாக. முள் மூங்கிலைச் சுற்றி. பாம்புச் சண்டையில் எல்லோருக்கும் உயிர் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. எதிரே வந்த எதனோடும் சண்டை போடாமல், ஒதுங்கி ஒதுங்கி நடத்தினாள். இடி இடித்தது. வீட்டு விளக்கு ஒருமுறை மங்கி வந்தது. சாமி, சத்திரம் வரைக்கும் கரண்டு இருக்கட்டும். கேட்க ஒன்று வந்துவிட்டது.

காடு. மரப்பாலம். மழை. எத்தனை இரவுகள் அக்கா இந்த வழியே நடந்திருக்கிறாள். ஆறிப்போன சோற்றையும் அம்மாவின் ஏச்சையும் தாண்டி. போர்வைக்குள் ஒருத்தி நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காக. அப்போது அது தூரம் என்றே பூரணிக்குத் தெரிந்ததில்லை. இப்போது விரல் வலித்தது.

சத்திரத்தின் கதவு திறந்தது. சத்திரக்காரியின் பேச்சு ஆங்கிலத்தில் திரையில் வந்து நின்றது. யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை.

பூரணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆளில்லாத வீட்டில், மாவு மில் அக்காவின் குரலில், சத்தமாகச் சொன்னாள்.

"வாங்க வாங்க, இப்படியா நனைவிய? துண்டு எடுத்துத் தொவட்டுங்க. ஏ மூட்ட, நீ என்ன வெளியவே நிக்க? உள்ள வாப்பா."

நாலு பேரும் படுத்தார்கள். மூட்டை கடைசியாக, சுமையை இறக்கி வைத்துவிட்டுப் படுத்தான். சன்னலில் விளக்கு ஏறியது. மறுபடியும் சேவ் செய்தாள். அணைத்தாள். ஜாய்ஸ்டிக்கின் வயரைச் சுருட்டி, அவர் வைப்பதுபோலவே பெட்டியின் மேல் பதவிசாக வைத்தாள்.

நாளைக்கு முகுந்தன் திறப்பார். சத்திரத்தில் எப்போது படுத்தோம் என்று கொஞ்சம் யோசிப்பார். அப்புறம் மறந்துவிடுவார்.

ஆனால் ஒருநாள் அவர் மலை ஏறி முடிப்பார். மழை நிற்கும். கீழே இருட்டில் அவருடைய விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். ஓடி ஓடி வந்தவர், கொஞ்சம்தான் இருக்கும். அவற்றில் ஒன்று கூடுதலாக எரியும். யார் ஏற்றியது என்று அவருக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

பூரணி சன்னலைத் திறந்தாள். தூரத்தில், உப்பளத்தில், இந்நேரம் வெள்ளைக் குவியல்களின் மேல் தார்ப்பாய் விழுந்திருக்கும். மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே நாலு பேரும் நனையாமல் தூங்கினார்கள்.