மேசைக்கு அடியில் மூட்டை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்தது இல்லை. என் தங்கையிடமிருந்து சுட்டது. ஒரு சாயங்காலம் அவள் நாயோடு என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அண்ணா, எங்க ஆபீஸ்ல இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு வந்து, சிரிப்பில் கண்ணீர் வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு வழியாகச் சொல்லி முடித்தாள். முடித்ததும் விரலை நீட்டி, "இத மட்டும் எழுதிடாதே" என்றாள்.

அப்படிச் சொன்ன பிறகு எந்த எழுத்தாளனுக்குக் கை சும்மா இருக்கும்? கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். எழுத எழுத அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும். அவளுடைய தொழிலே அதுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2

அந்தத் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதை புரியாது.

மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாள் எட்டாக மடித்துக் கிடக்குமே, நீங்களும் நானும் பிரிக்காமலேயே குப்பையில் போடுவோமே, அந்தத் தாளை அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கிற அலுவலகம் அது. எழுத்து எறும்பு அளவில் இருக்கும். ஒன்று பிசகினாலும் வம்பு. அதனால் ஜோடி ஜோடியாக உட்கார்கிறார்கள். ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார். கமா, புள்ளி, அடைப்பு திற, அடைப்பு மூடு, அடுத்த பாரா என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். எதிரே இருப்பவர் அச்சுப் பிரதியில் விரலை வைத்து வரிவரியாகப் பின்தொடர்வார். காது கேட்டதும் கண் கண்டதும் ஒத்துப்போகாவிட்டால் "நிறுத்துங்க." முதல் ஆளுக்கு அங்கே 'வாய்' என்று பெயர், இரண்டாவது ஆளுக்குக் 'கண்'. என் தங்கை கண்.

(இந்த வேலை வீட்டுக்கும் வந்துவிட்டது. கோபம் வந்தால் "நான் வரல, புள்ளி" என்கிறாள். மாப்பிள்ளை பாவம், "அடுத்த பாரா எப்போ?" என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே நடக்கிறார்.)

3

இப்போது தொடக்கம். மூன்று எழுதினேன்.

முதல் தொடக்கம்: "ஜன்னலோரத்து வெயிலில் அந்த வெள்ளைப் பூனை சோம்பல் முறித்தபோது, அலுவலகம் மொத்தமும்..."

"நிறுத்து," என்றாள் தங்கை. "பூனை எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்குப் பூனைதான்மா பழக்கம். நாயைப் பத்தி என்ன தெரியும் எனக்கு?"

"பூனைய ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனா, அது நம்மள வேலை வாங்கும். அந்த வரிய அடி."

இரண்டாம் தொடக்கம்: "அந்த நாயின் கண்களில் யுகம் யுகமான ஒரு சோகம்..."

"சோகமா? அதுக்குச் சோத்தத் தவிர வேற நெனப்பே கிடையாது. அடி."

மூன்றாவதை அவளே சொல்லச் சொல்ல எழுதினேன். அதனால் அதில் அழகு இல்லை, உண்மை இருக்கிறது. மாப்பிள்ளைக்கு இரவு வேலை போய்ப் பகல் வேலை வந்தது. பகலில் வீட்டில் ஆள் இல்லை. நாய் தனியாக இருக்கப் பயந்து காலையிலிருந்து மாலை வரை ஊளையிட்டது. அக்கம்பக்கத்தார் வீட்டுக்காரரிடம் போனார்கள், வீட்டுக்காரர் தங்கையிடம் வந்தார்: நாய் வாயை மூட வேண்டும், அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும். வெளியூரில் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். நல்ல மனிதர், பெரிய வீடு. ஆனாலும் தங்கைக்கு நெஞ்சு தாங்கவில்லை. குட்டியாக இருந்தபோது அதற்குப் புட்டியில் பால் கொடுத்தவள் அவள்.

நாயின் பெயர் மூட்டை. படுக்கும்போது மெதுவாகப் படுக்கத் தெரியாது. யாரோ தோளிலிருந்து இறக்கிப் போட்டது போல் தொப்பென்று விழும்.

4

தங்கை மேலாளரிடம் போய் நின்றாள். மேலாளர் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒரு மாசம் கூட்டிட்டு வாங்க. ஆனா அந்த நாயால ஒரே ஒரு தப்பு உங்க மேசையத் தாண்டிப் போச்சுன்னா, மறுநாள்லேருந்து அது வரக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம் மேடம்."

"உங்க வாய் என்ன சொல்றாரு?"

இங்கேதான் கதையின் முக்கியமான ஆள் வருகிறார். தங்கைக்கு எதிரே உட்கார்ந்து வாசிப்பவர். அந்த அறை அவருக்கு வைத்த பட்டப்பெயர் ரேடியோ. பழைய செய்தி வாசிப்பாளர்களின் குரல் அவருக்கு. "குமட்டல் கமா வாந்தி கமா தலைச்சுற்றல் புள்ளி" என்று அவர் வாசித்தால், வந்துவிட்டுத்தான் போகட்டுமே என்று தோன்றுமாம். இத்தனை வருஷத்தில் ஒரு சொல்லில்கூடத் தடுக்கியதில்லை. அவருக்கு இருக்கும் பெருமை அது ஒன்றுதான். அவருக்கு நாய் என்றால் நடுக்கம். தெருமுனையில் ஒன்று படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிற ஆள்.

(இந்த இடத்தில் அவருடைய சிறு வயதில் ஒரு நாய் துரத்திக் கடித்ததாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மழை, சேறு, கிழிந்த கால்சட்டை எல்லாம் வைத்து. தங்கை கேட்டுவிட்டு, "அவர எந்த நாயும் கடிச்சதே இல்ல. சும்மா பயம். பயத்துக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வேணுமா?" என்றாள். இரண்டு பக்கமும் போச்சு. மழை மட்டும் நன்றாக வந்திருந்தது.)

எனக்கு இந்தப் பாத்திரத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு பயந்தவர் ஏன் சம்மதித்தார்? வாசகர் நம்புவாரா? தங்கையைக் கேட்டேன்.

"நானே போய்க் கேட்டேன். 'கடிக்குமா?'ன்னாரு. 'கடிக்காது சார்'ன்னேன். 'அது அதுக்குத் தெரியுமா?'ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, 'சரி, கூட்டிட்டு வாங்க'ன்னாரு."

"ஏன் சரின்னாரு?"

"கேக்கல. சரின்னு சொன்னவங்கள ஏன்னு கேக்கக் கூடாது."

5

[இந்தப் பகுதியில் மூட்டை, மருந்தின் அளவு தவறாக அச்சாகியிருந்த தாளைப் பார்த்துக் குரைத்துப் பல உயிர்களைக் காப்பாற்றியது. நீக்கப்பட்டது. நீக்கியவர்: தங்கை. காரணம்: "லூசா நீ?"]

6

மூட்டை ஆபீசில் ஊளையிடவில்லை. ஆள் இருந்தால் அதற்குப் போதும். மேசைக்கு அடியில் தொப்பென்று விழுந்து, ரேடியோவின் குரலில் சொக்கித் தூங்கியது. "அடுத்த பாரா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் புரண்டு படுக்கும்.* தேநீர் நேரத்தில் எழுந்து ஒவ்வொரு மேசையாகப் போய் நலம் விசாரித்துவிட்டு வரும். யாரோடும் பேசாத கணக்குப் பிரிவுக்காரர் தரையில் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டு, தன் மாமியாரைப் பற்றி அதனிடம் புகார் சொல்வதை எல்லோரும் கேட்டார்கள். மேலாளர்கூட ஒரு காரணமும் இல்லாமல் அந்தப் பக்கமாக அடிக்கடி நடந்தார்.

* எப்போதும் இல்லை, சில சமயம்தான் என்கிறாள் தங்கை. கதைக்கு எப்போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ரேடியோ மட்டும் நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் நாளிலிருந்து அப்படித்தான். கால் மரத்துப்போனால் எழுந்து நின்று உதறுவார், மறுபடி ஏறிக்கொள்வார். சம்பளம் வாங்குகிற வயதான மனிதர் ஒருவர் ஆபீசில் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தங்கைக்குச் சங்கடமாக இருந்தது. "சார், வேணும்னா அந்தப் பக்கம் கட்டிப் போடறேன்," என்பாள். "பரவால்ல, அது தூங்கட்டும்," என்பார்.

மாதம் முடிய இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். ஓர் இருமல் மருந்தின் தாள். வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. தங்கையின் விரல் வரியோடு போய்க்கொண்டிருந்தது. அடியில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தாள்.

ரேடியோவின் கால்கள் கீழே இருந்தன.

எப்போது இறங்கின என்று தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டு காலும் தரையில். வலது கால் ஷூவின் மேல் மூட்டை தாடையை வைத்துக்கொண்டு குறட்டை விட்டது. மேலே குரல் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. சொன்னால் தூக்கிக்கொள்வார் என்று தங்கை மூச்சைக்கூட மெதுவாக விட்டாளாம். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சுண்ணா," என்றாள். அதை அப்படியே எழுதிவிட்டேன், அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை.

நிமிர்ந்தாள், விரலைச் சரியான இடத்தில் வைத்தாள், கடைசி வரை போனாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தாள் மேலாளரின் மேசைக்குப் போனது.

7

அரை மணி நேரத்தில் மேலாளர் அதே தாளோடு வந்து நின்றார்.

"புட்டியை நன்றாகக் குலுக்கவும். புட்டியை நன்றாகக் குலுக்கவும்." படித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு தடவை போட்டிருக்கு. இது என்ன மருந்தா, மில்க் ஷேக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. மூலத்தில் அந்த வரி ஒரு தடவைதான். அச்சுப் பிரதியில்தான் இரட்டித்துவிட்டது. கண் நிறுத்தியிருக்க வேண்டும். அந்தக் கண் அப்போது மேசைக்கு அடியில் இருந்தது.

மேலாளர் குனிந்து மூட்டையைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். "எப்படிம்மா தாண்டிப் போச்சு?"

என் தங்கைக்குப் பொய் வராது. முயன்றால் காது சிவந்துவிடும். வெளியூர் நண்பர், பெரிய வீடு, மூட்டை போனபின் காலியாகக் கிடக்கும் அதன் தட்டு எல்லாம் கண்ணுக்குள் வந்து போயிற்று. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"நான்தான் மேடம்," என்றார் ரேடியோ. "அந்த வரிய ரெண்டு தடவை வாசிச்சுட்டேன். அவங்க விரலும் ரெண்டு வரி போயிருக்கு. காதும் கண்ணும் ஒத்துப்போச்சு, அவங்க எப்படி நிறுத்துவாங்க?"

அறையில் அத்தனை வாய்களும் ஓய்ந்தன. மேலாளர் ஒரு காலத்தில் இதே ரேடியோவுக்குக் கண்ணாக உட்கார்ந்தவர்.

"நீங்களா?" என்றார். "தும்மல் வந்தாக்கூடப் புள்ளி வெச்சுட்டுத் தும்மற ஆளு நீங்க."

"ஏன், நான் மனுஷன் இல்லையா?"

மேலாளர் அவரை வெகுநேரம் பார்த்தார். தாளை மேசைமேல் வைத்தார். "வரிய எடுத்துட்டு முழுசா இன்னொரு தடவ வாசிங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். மாதம் முடிந்தது. மூட்டை இன்றும் போய்வருகிறது. கழுத்துப் பட்டையில் ஓர் அடையாள அட்டைகூடத் தொங்குகிறது. அதை மாட்டியது மேலாளர்தான் என்று கேள்வி.

8

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்கும் தங்கைக்கும் சண்டை வந்துவிட்டது.

முடிவு ஒன்று, தங்கையுடையது: அவர் பொய் சொன்னார். வாழ்நாளில் ஒரு கமாவைக்கூட மாற்றி வாசிக்காத மனிதர், ஒரு நாய்க்காகத் தன் ஒரே பெருமையைத் தூக்கிக் கொடுத்தார்.

முடிவு இரண்டு, என்னுடையது: அவர் சொன்னது நிஜம். காலில் திடீரென்று ஒரு சூடான கனம். ஆயுசு முழுக்கப் பயந்த ஒன்று அங்கே வந்து நிம்மதியாகத் தூங்குகிறது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வியப்பில் வரி எங்கே விட்டோம் என்று மறந்து, அதையே இன்னொரு தடவை வாசித்துவிட்டார். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னார், ஒருவரும் நம்பவில்லை.

"நீ எதிர்லதானே இருந்தே, காதுல விழலையா?" என்றேன்.

"அந்த நேரத்துல எனக்கு ஒண்ணுமே காதுல விழல."

"அவரையே கேட்டுடேன்."

"கேட்டேன். 'நீங்க கண்ணுதானே, காதும் வேணுமா?'ன்னு சொல்லிட்டு அடுத்த தாள எடுத்துட்டாரு."

நானே கேட்டுவிடுவது என்று ஒரு நாள் போனேன். கதவருகே நின்றேன். உள்ளே ரேடியோ கண் சொட்டு மருந்து ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்கால் விரலால் மூட்டையின் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

அதனால் இது உங்கள் வேலை. ஆறாம் பகுதியில், தங்கை குனிந்திருக்கும் இடத்தில், அவர் என்ன வாசித்தார் என்று நான் எழுதவில்லை, எனக்குத் தெரியாது. "புட்டியை நன்றாகக் குலுக்கவும் புள்ளி." அந்த இடத்துக்குப் போய் இதை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையா, இரண்டு தடவையா என்பது உங்கள் இஷ்டம். வாய்விட்டு வாசியுங்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக. அது தூங்குகிறது.