சாலையோரப் புள்ளிகள்

பல்லிக் கணக்கெடுப்பு அறிக்கையின் அட்டைக்கு ஒரு நல்ல படம் வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் வரைபடக்காரி தன் தம்பி குன்றில் எடுத்து வந்த படங்களைத் திறந்தாள். பாறை வெடிப்பை விட்டு இறங்காத இனம் அது. ஒரு படத்தில் இடுக்கிலிருந்து ஒரு பல்லி முறைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், வெகு கீழே, அலுவலக ஜீப் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

அந்தப் பல்லியைக் கண்ட இடமென்று தம்பி பதிந்திருந்த புள்ளியை வரைபடத்தில் தேடினாள். அது கீழே சாலையில், ஜீப் நின்ற இடத்திலேயே இருந்தது. அடுத்த படத்தின் புள்ளியும் சாலையோரம், அதற்கடுத்ததும் சாலையோரம். எல்லாப் புள்ளிகளையும் பார்த்தாள்; ஒன்றுகூடக் குன்றின் மேல் இல்லை.

கணினியைத் திட்டி என்ன பயன்? பல்லியைக் கண்ட இடத்தைக் கொடுத்தால், அதே மண்ணும் சரிவும் வெயிலும் வேறெங்கே இருக்கிறதென்று பார்த்து வண்ணம் பூசும். சாலையைக் கொடுத்தால் சாலைக்குத்தானே பூசும்! குன்று முழுவதையும் பல்லி வாழத் தகாத இடம் என்று வெறுமையாக விட்டிருந்தது. அதை நம்பித்தான் குவாரிக்கு அனுமதி போயிருந்தது. மறுநாள் முதல் வெடி.

தம்பியை மாடிப்படிக்கு இழுத்துப்போனாள்.

"பாயிண்ட்டெல்லாம் எங்க நின்னுடா எடுத்த?"

"அந்த ஜிபிஎஸ்ல சார்ஜே நிக்கலக்கா. ஜீப்லயே போட்டுட்டு ஏறுவேன். பல்லியப் பாத்துட்டு கீழ வந்து அமுக்குவேன். கொஞ்ச தூரம்தானே?"

"மலைக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியலையாடா உனக்கு? குடி கெடுத்தியே!"

விஷயம் புரிந்ததும் தம்பியின் முகம் பேயறைந்தது போலாயிற்று.

"அக்கா, இப்ப வாயத் திறக்காத. என் பர்மனன்ட் ஆர்டர் சார் மேஜைலதான் இருக்கு. வீட்டுல மாசமா வேற இருக்கா. கையெழுத்து விழட்டும், நானே போய்ச் சொல்றேன்."

"நாளைக்கு வெடி வெக்கறாங்கடா."

"ஓரத்துலதானேக்கா ஆரம்பிப்பாங்க."

அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் மட்டும் யோக்கியமா? புள்ளிகள் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி வரிசையாக நின்றதை, அவன் கொண்டுவந்த அன்றைக்கே அவள் பார்த்தவள்தான். வேறு எவனாவது கொண்டுவந்திருந்தால் பிடித்து உலுக்கியிருப்பாள். உடன்பிறந்தவனாயிற்றே, விட்டுவிட்டாள்.

"என்னம்மா, அட்டைப் படம் கெடச்சுதா?" என்று அதிகாரி அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"தேடிட்டிருக்கேன் சார்."

மறுநாள் அதிகாரி வெளியூர் போய்விட்டார். கையெழுத்து மாதக்கணக்காகத் தள்ளிப்போனது. வெடி தள்ளிப்போகவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அலுவலகத்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவள் எழுந்து நிற்பாள். தம்பி எதிர் மேஜையிலிருந்து கண்ணாலேயே கெஞ்சுவான். அவள் உட்கார்ந்துவிடுவாள். சோறு இறங்கவில்லை. தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆர்டர் கைக்கு வந்தபோது குன்று இல்லை. இனி சொல்லி யாரைக் காப்பாற்றுவது? தம்பியும் போய்ச் சொல்லவில்லை.

விதிப்படி ஒரு மறு கணக்கெடுப்பு பாக்கி இருந்தது. குன்று இருந்த இடத்துக்கு அக்காளும் தம்பியும் போனார்கள். இந்த முறை அவன் ஜிபிஎஸ் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல் கல்லாகப் புரட்டினான். ஒரு கல்லைப் புரட்டியவன் அப்படியே குந்தி, முகத்தை மூடிக்கொண்டு விசும்பினான். கல்லுக்கடியில் நசுங்கிய ஒரு வால் மட்டும் கிடந்தது. அவள் அவனைத் தேற்றவில்லை.

அதிகாரி புதிய அறிக்கையைப் புரட்டினார். "ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல சார்," என்றான் தம்பி.

"பாத்தீங்களா! அங்க பல்லி இல்லன்னு உங்க மேப் அன்னிக்கே சொல்லிச்சு. அக்காவும் தம்பியும் கில்லாடிங்கதான். அடுத்த மலையையும் உங்ககிட்டயே குடுத்துடறேன், என்னம்மா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிங்க சார்," என்றாள்.