சின்ன முனியசாமியின் அட்டை

தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த அட்டையில் சிவப்பு மையால் 'இரட்டைப் பதிவு' என்று எழுதி, குறுக்கே கோடும் போட்டிருந்தார்கள். சாயல்குடி விதைக் கிட்டங்கியின் எழுத்தர் பூமிநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முனியசாமி, தகப்பன் பெயர் கூத்தையா. அதே பெயர், அதே தகப்பன், அதே ஊரில் இன்னொரு அட்டை இருக்கிறதாம். இருக்கத்தான் செய்யும். அண்ணன் பெரிய முனியசாமி, தம்பி சின்ன முனியசாமி. பிள்ளை தங்காமல் போய்க்கொண்டிருந்த வீட்டில் நேர்ந்துகொண்டு பெற்றதால், இரண்டு பேருக்கும் சாமி பெயரையே வைத்துவிட்டார் கூத்தையா. இத்தனை வருஷத்தில் ஊரில் யாரும் ஒருவனை மற்றவன் என்று நினைத்ததில்லை.

இந்த வருஷம்தான் கூட்டுறவுச் சங்கத்தின் முப்பத்தெட்டுக் கிட்டங்கிகளுக்கும் ஒரே மாதிரி அட்டை வந்தது; அட்டை ஒன்றுக்கு ஒரு மூட்டை விதை. பட்டப்பெயர் எழுதக் கூடாது என்று கூடவே ஒரு சுற்றறிக்கை. பெரிய, சின்ன என்பதும் பட்டப்பெயர்தானா என்று பூமிநாதன் எழுதிக் கேட்டான். ஆமாம் என்று பதில் வந்தது.

வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன் புழுதியில் நெல் விதைத்தால்தான் உண்டு, விட்டால் அந்த வருஷமே போச்சு. பஸ் பிடித்து ராமநாதபுரம் தலைமை அலுவலகத்துக்கே போனான். மேற்பார்வையாளர் ராமசுப்பிரமணியன் பொல்லாதவர் இல்லை. போன வருஷம் ஒரே ஆள் கட்டைக் கருப்பன், ஒத்தவீட்டுக் கருப்பன் என்று இரண்டு மூட்டை வாங்கிப்போன கதையைச் சொன்னார். அதனால்தான் இந்த ஏற்பாடே என்றார்.

"ஒருத்தனும் ரெண்டு தடவை வாங்கக் கூடாது. எனக்கு அதுதான் கணக்கு."

"ஒருத்தனும் வாங்காமப் போயிரக் கூடாதுங்க. எனக்கு அதுதான்."

பெரியவன், சின்னவன் என்று குறிக்க அட்டை ஓரத்தில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தால் போதும் என்று கெஞ்சிப் பார்த்தான். ஒரு கிட்டங்கிக்காக முப்பத்தெட்டையும் மாற்ற முடியாது, மோதாத பெயராகப் பார்த்து எழுதிக் கொடு என்று புது அட்டை ஒன்றை நீட்டினார். தபால் கட்டும் நேரம். எரிச்சலில் வேறு பெயர் எதுவும் தோன்றவில்லை. தன் பெயரையே போட்டு, 'பூமிநாதன், தகப்பன் பெயர் கூத்தையா' என்று எழுதித் தள்ளினான். ஊருக்கு வந்ததும் சின்ன முனியசாமியிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் வந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை படித்துப் படித்துச் சொன்னான். அவனும் தலையை ஆட்டினான்.

விதை வழங்கும் நாளில் மேற்பார்வையாளரே வந்து பக்கத்தில் நின்றார். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அட்டை ரத்து. பெரிய முனியசாமி தன் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். உடைமரத்தடியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு தம்பி மேகத்தைப் பார்த்தபடி நின்றான்.

"பூமிநாதன்."

ஒருவரும் நகரவில்லை. எழுத்தர் தன் பெயரையே கூப்பிடுகிறாரே என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சின்ன முனியசாமியும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பூமிநாதன் கண்ணை உருட்டினான். மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கையில் அதற்கு மேல் என்ன செய்ய?

"பூமிநாதன்!"

சின்ன முனியசாமிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். மாட்டை விட்டுவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

"ஐயா, நீங்க இங்கனதான நிக்கிறீக" என்றான்.

மேற்பார்வையாளர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். இன்னும் ஒரு தடவை பாக்கி இருந்தது. பூமிநாதன் அட்டையைக் கையில் பிடித்தபடி, தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான்.