சுவரில் மிச்சமிருந்த ஒரு ஜோடி

1

அக்கா ஓடிக்கொண்டிருக்கிறாள்.

நாற்பத்தேழு வயது. கக்கத்தில் ஆளைவிட நீளமான ஒரு பலகை. ஒரு நொடிக்கு முன்பு குழாயடியில் தலை துவட்டிக்கொண்டிருந்தவள். துண்டு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. மணலில் இரண்டு முறை தடுக்கி, இரண்டு முறையும் சமாளித்து, முதல் அலையில் பலகையை வீசி அதன்மேல் குப்புற விழுகிறாள். திரும்பி என்னைப் பார்த்து ஏதோ கத்துகிறாள். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்குகிறது. அவள் வாய் மட்டும் அசைகிறது.

(தொடர்கதையாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு உங்களை ஒரு வாரம் தவிக்க விட்டிருப்பேன். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.)

இது நடந்து பதினோரு நாளாகிறது. இந்தக் கதை பிறந்த கதையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் புதிய தொடரின் ஏழாம் அத்தியாயத்தில், விமானச் சத்தத்தின் மறைவில் ஒருவன் கொல்லப்பட வேண்டும். அந்தச் சத்தம் எத்தனை நொடி காதை அடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா வீடு விமான நிலையத்துக்குப் பின்னால். அவள் காலையில் அலைச்சறுக்கு ஆடும் கடற்கரைக்கு மேலாகத்தான் விமானங்கள் இறங்குகின்றன. நோட்டையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு அவளுடன் போனேன்.

விடை: இருபத்திரண்டு நொடி.

இருபத்திரண்டு நொடியில் ஒரு கொலையை முடித்துவிடலாம். ஒரு மனிதன் "காப்பாத்துங்க" என்று பத்துத் தடவை கத்தவும் செய்யலாம். பத்தும் யாருக்கும் கேட்காது.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"கடல் அன்று அமைதியாக" — பொய். அது அமைதியாக இல்லாததால்தான் பலகையோடு ஆட்கள் வருகிறார்கள்.

"பல் டாக்டரின் ஆயுள் அன்று கெட்டி" — இந்த மாதிரி வரிகளை எழுதித்தான் வீடு கட்டினேன். இந்த முறை கை கூசியது.

"சுவரில் ஏழு ஜோடிச் செருப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றை" — இதை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கடற்கரை இல்லை. மூன்று தெருக்கள் வந்து முட்டுகிற இடத்தில், இரண்டு பேருந்து நீளத்துக்கு மணல். இடப்பக்கம் இடுப்புயரச் சுவர், ஒரு குழாய். வலப்பக்கம், ஓடுபாதையின் முனையைக் கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய பாறைகள். அவற்றை ஒட்டிக் கம்பி வேலி, வேலியோரம் ஒரு தார்ச்சாலை. காவலுக்கு ஆள் கிடையாது. அக்கம்பக்கத்தில் இருக்கும் ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள், ஒரு பல் டாக்டர் உட்பட. பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். பேசினால் பாதியில் விமானம் வந்துவிடும். பிறகு எங்கே விட்டோம் என்று இருவருக்கும் மறந்துபோகும்.

ஆகவே அவர்களுக்கு ஒரு ஏற்பாடு. அதைக் கொண்டுவந்தவள் அக்கா.

அக்காவுக்கு விமான நிலையத்தில் ஓடுபாதைப் பரிசோதனை வேலை. மஞ்சள் வண்டியில் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுபாதை முழுக்க ஊர்ந்துபோய், கழன்று விழுந்த திருகு, கல், செத்த பறவை எதுவானாலும் பொறுக்க வேண்டும். ஒரு திருகு போதும், இன்ஜினுக்குள் போனால் முடிந்தது. அங்கே பழுது பார்ப்பவர்களின் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு பள்ளம் காலியாக இருந்தால் விமானம் கிளம்பாது. கருவி உள்ளே எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம்.

கடற்கரையில் அதையே அவள் திருப்பிப் போட்டாள். கடலுக்குள் போகிறவர் செருப்பைச் சுவர்மேல் வைக்க வேண்டும். வெளியே வந்தால் மாட்டிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் அக்கா சுவரைப் பார்ப்பாள். காலியென்றால் கடலும் காலி. செருப்பு இருந்தால் ஆள் உள்ளே.

ஒன்பது வருஷம் இது தப்பவில்லை.*

* இதையெல்லாம் அன்று காலை சுவரருகே நின்று எனக்கு விளக்கமாகச் சொன்னாள். நான் கேட்டேன்.

3

அன்று நடந்தது இது. அக்காவோடு சேர்த்து ஏழு பேர் உள்ளே போனார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டி, கையசைத்துவிட்டுப் போனார்கள். அக்கா கடைசியாக வந்து தன் செருப்பை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். காலி. பலகையைக் கழுவினாள். தலை துவட்டினாள். திரும்பினாள்.

சுவரின் நட்ட நடுவில் ஒரு ஜோடி. பழுப்பு ரப்பர், நீல வார்.

"டேய், இது பல் டாக்டரோடதுடா!" என்றாள். அந்தக் குரலை எழுத எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. (குரல் எப்படி இருந்தது என்றால்—) விடுங்கள்.

பிறகுதான் ஓடினாள்.

பல் டாக்டரை நீரோட்டம் பாறைகளுக்குள் தள்ளியிருந்தது. தோள் மூட்டு விலகி, பலகை உடைந்து, காலில் கட்டிய கயிறு பாறை இடுக்கில் மாட்டி, அரை மணி நேரம் ஒற்றைக் கையால் தொங்கியிருக்கிறார். அக்கா கயிற்றை அவர் காலிலிருந்து அவிழ்த்துவிட்டாள். அவரைப் பலகையில் கிடத்தி இழுத்துவந்தாள். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் கை விட்டிருக்கும் என்றார்கள் மருத்துவமனையில்.

ஊர் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். கொண்டாடவும் செய்தது, ஒரு நாள். மறுநாள் காலை அக்கா சுவரைப் பார்த்த பிறகு இன்னொருவரும் வந்து பார்த்தார். அதற்கு மறுநாளும். யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை. அவளுக்கு எப்படியிருந்திருக்கும்?

"நான் பாத்தேன்டா. காலியாதான் இருந்துச்சு" என்றாள் சமையலறையில். கையில் வெங்காயம் பாதி நறுக்கியபடி நின்றது. "தலையைத் துவட்டிட்டுத் திரும்பினா நடுவுல உக்காந்திருக்கு."

"வெயில் கண்ணைக் கூசியிருக்கும்க்கா."

"வெயில் செருப்பைத் தின்னுடுமா?"

கண் டாக்டரிடம் போனாள். பார்வையில் குறையே இல்லை என்றார். வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகியிருப்பார்கள். அக்கா வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு நல்லா இருக்குன்னா என்னடா அர்த்தம்? கண்ணுக்குப் பின்னாடி ஏதோ போயிடுச்சுன்னுதான?"

"சும்மா இரு அக்கா. எதுக்கெடுத்தாலும் கடைசிப் பக்கத்துக்குப் போயிடுவ."

"நீ எழுதறது கதைடா. நான் பாக்கறது ஓடுபாதை. முழுசா ஒரு ஜோடி செருப்பு கண்ணுல படலைன்னா, சுண்டுவிரல் நீளத் திருகு எங்க படப்போகுது? ஒரு விமானத்துல எத்தனை பேரு, தெரியுமா உனக்கு?"

நான் ஆட்டோ பிடிக்கப் போனேன்.

ஓடுபாதைப் பணியிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டாள். பத்தொன்பது வருஷ வேலை. கடிதம் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்க் கூஜாவுக்கு அடியில் இருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குக் கொடுக்கப்போகிறாள். கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. தன் பார்வைமேல் தனக்கே நம்பிக்கையில்லை என்று கைப்பட எழுதிய ஆளை யாரும் மறுபடி ஓடுபாதைக்கு அனுப்ப மாட்டார்கள்.

4

வாரப் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் பிடித்துவிட்டார்.

"சார், ஏழாம் அத்தியாயம் எங்க?"

"அது வரலை. வேற ஒண்ணு எழுதிட்டிருக்கேன். ஒரு செருப்பு விஷயம்."

"செருப்பா? ரத்தம் கித்தம் இருக்கா?"

"இல்ல."

"சரி, குற்றவாளி யாருன்னு மட்டும் சொல்லுங்க. ஓவியர் கேக்கறாரு. முகத்தை நிழல்ல போடணுமாம்."

"இன்னும் முடிவு பண்ணலை."

"பண்ணாதீங்க, பண்ணாதீங்க! கடைசி வரிக்கு வெச்சிடுங்க. உங்களுக்கா சொல்லித் தரணும்?"

சிரித்துக்கொண்டே வைத்தார்.

காலியான சுவரில் செருப்பு எப்படி வந்தது? தொழில்முறையில் யோசித்தேன். நாயைக் கொண்டுவரலாம், நாய் தூக்கிப்போய், மனம் மாறிக் கொண்டுவந்து வைத்தது. ஆனால் நாய் ஒற்றைச் செருப்பைத்தான் தூக்கும், ஜோடி சேர்த்து வைக்கவும் தெரியாது. விமானக் காற்று? கீழே தள்ளும், மேலே ஏற்றாது. அக்கா கவனிக்கவில்லை என்பதுதான் எளிது. அதை எல்லோரும் நம்பிவிட்டார்கள், அக்கா உட்பட.

இந்தக் கதையில் அக்கா என்ற பாத்திரத்தை என்னால் சந்தேகிக்கவே முடியவில்லை. எழுத்தாளனை? (அவனைப் பற்றி இதுவரை என்ன சொல்லியிருக்கிறேன்? நோட்டும் கடிகாரமும் வைத்திருந்தான். அவ்வளவுதான்.)

5

நேற்று மருத்துவமனைக்குப் போனோம். பல் டாக்டர் தோளில் கட்டோடு சாய்ந்திருந்தார். தொண்டை இன்னும் திறக்கவில்லை.

"வாங்க, உயிர் கொடுத்த தெய்வமே" என்றார் கரகரப்பாக. "என்கிட்ட வர்றவங்க எல்லாம் வாயைத் திறந்துட்டு, சத்தம் வராம கிடப்பாங்க. அன்னிக்கு நானே அப்படிக் கிடந்தேன்."

அக்கா சிரிக்கவில்லை. "டாக்டர், செருப்பை எங்க வெச்சீங்க?"

"எப்பவும் வைக்கிற இடம். நடுவுல. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்று எழுந்தாள். நர்ஸைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

கதவு சாத்தியதும் பல் டாக்டர் என்னை அருகே கூப்பிட்டார்.

"சார், நீங்க கதை எழுதறவரு. இதை எழுதுங்க. அந்த அரை மணி நேரத்துல ஒருத்தர் எனக்குப் பக்கத்துலயே நின்னாரு."

"எங்க?"

"வேலி ஓரமா, ரோட்டுல. பாறைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா என் தலை தெரியாது. ஆனா அவரை எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. முதுகு மட்டும். வானத்தையே பாத்துட்டு நின்னாரு. விமானம் வரும், கையைத் திருப்பிக் கடிகாரம் பாப்பாரு, நோட்டுல எழுதுவாரு. சத்தம் அடங்கறதுக்குள்ள எனக்கு அலை வாயில ஏறிடும். மூச்சு வாங்கிட்டுக் கத்த ஆரம்பிச்சா அடுத்த விமானம். அவர் முதுகைப் பாத்துதான் சார் அத்தனையும் கத்தினேன்."

நான் சட்டைப்பையில் துருத்திய நோட்டை உள்ளே தள்ளினேன்.

"விமான நிலைய ஆளா இருக்கும். பாவம், அவருக்கு என்ன தெரியும்?" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

இருபத்திரண்டு நொடி. பதினைந்து விமானங்களுக்கு அளந்து, சராசரி எடுத்து, அடிக்கோடு போட்டிருந்தேன்.

6

முடிவுகளைத் தருகிறேன், பாருங்கள்.

ஒன்று: எட்டு மணிக்கு அக்கா கடிதத்தைக் கொடுக்கிறாள். அலுவலகத்தில் ஒரு நாற்காலி, ஒரு கணினி. மஞ்சள் வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்காரப் பழகுகிறாள்.

மற்றொன்று: எழுத்தாளன் ஏழரை மணிக்கு அவள் வீட்டு மணியை அடிக்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள். அவன்

இல்லை. பதினோரு நாளில் மூன்று தடவை மணியடித்தேன். மூன்று தடவையும் காபி குடித்துவிட்டு வந்தேன். பேச உட்கார்ந்தால் எனக்கு வாய் வராது; எழுதினால் மறைக்க வரும். இரண்டுக்கும் நடுவில் இந்தக் காகிதம்தான் இருக்கிறது.

இதுவரை "நீங்கள்" என்று சொல்லிவந்தேன். மன்னிக்க வேண்டும், மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். இந்தப் பக்கங்கள் ஆசிரியருக்குப் போகும் முன் விடிகாலையில் கூஜாவுக்கு அடியில், அந்தக் கடிதத்துக்கு மேல் இருக்கும் (மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது). முடிவை எழுத வேண்டியது நீ.

அக்கா, என்னை அடி, வீட்டுப் பக்கம் வராதே என்று சொல், பல் டாக்டரிடமும் மற்ற ஐந்து பேரிடமும் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்து. எது செய்தாலும் சரி. அந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துவிடு.

அன்று நீ செருப்புக் கணக்கைச் சொன்னபோது நான் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். எட்டாம் அத்தியாயத்துக்கு ஆகும் என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டேன். கதைக்கு என்று எடுத்துவைத்ததும் அது எனக்கு நிஜத்தில் நடக்கிற காரியமாகவே தோன்றவில்லை. அதுதான் என் வியாதி. பத்து நிமிஷம் கழித்து வேலிப் பக்கம் கிளம்பினேன். என் ஷூவை அலை நனைத்திருந்தது. கையை நீட்டினேன். திரும்பி வந்தபோது நீ குழாயடியில் எனக்கு முதுகு காட்டி நின்றாய். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஈர ஷூவை மாட்டிக்கொண்டேன். நீ திரும்பினாய். நீ கத்தினாய். நான் வாயைத் திறக்கவில்லை.

உன் கண்ணில் குறையில்லை. கண்ணுக்குப் பின்னாலும் இல்லை. நீ பார்த்தபோது சுவர் காலியாகத்தான் இருந்தது. பல் டாக்டர் என் முதுகைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரமும், அவருடைய செருப்பு என் காலில் இருந்தது.